சட்டைப்பைக்குள் அடங்கும் ஃபிலிம் கேமராவா, கைக்குப் படியும் கேமராவா?

மேலரதவீதி:
நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு ஒரே ஒரு ஃபிலிம் கேமராதான் என்றால், ரோலை 35-ஐ எடுப்பதா, லென்ஸ் வழியாகவே பார்த்துக் குவிக்கும் ஒலிம்பஸ் ஓஎம்-1-ஐ எடுப்பதா என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நான் ரோலையைத்தான் சொல்வேன். 1966-இல் வெளிவந்த அந்தக் கேமரா 35 மி.மீ. ஃபிலிமில் முழு அளவுப் படமே எடுத்தாலும் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. வடம் பிடிப்பவர்களோடு தோளுரசி நடக்கும்போது கழுத்தில் அரை கிலோ கனம் ஆடிக்கொண்டிருப்பது நமக்கும் அவர்களுக்கும் இடைஞ்சல்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, பைக்குள் அடங்குவது தூக்கிச் செல்லத்தான் வசதி. ரோலையில் லென்ஸை வெளியே இழுத்துத் திருகிப் பூட்டி, தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். ஓஎம்-1-இல் ஒளி புகும் துளை, ஷட்டர் திறந்து மூடும் வேகம், எந்தத் தொலைவு தெளிவாக விழ வேண்டும் என்ற குவியம் மூன்றும் லென்ஸைச் சுற்றிய வளையங்களிலேயே இருப்பதால், பார்வையை விலக்காமல் இடது கை விரல்களாலேயே மாற்றிக்கொள்ளலாம். போன ஆண்டு வாகையடி முக்கில் தேர் திரும்பியபோது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டவரின் வியர்வை வழிந்த முகத்தை ஒரு சிறிய கேமராவில் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பின்னாலிருந்த வடத்தின் முறுக்கு இழை இழையாகத் தெரிகிறது; முகம் மங்கலாக இருக்கிறது. அந்த முகம் இனி எனக்குக் கிடைக்காது.

மேலரதவீதி:
வருத்தம் புரிகிறது, தம்பி. ஆனால் நல்ல வெயிலில் ஒளியை விரைவாக ஏற்கும் 400 வேக ஃபிலிமைப் போட்டு, துளையைச் சிறிதாக்கி எஃப் 11-இலும் குவியத்தை 5 மீட்டரிலும் வைத்துவிட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டர் முதல் கண்ணுக்கெட்டும் தொலைவு வரை தெளிவாக விழும், மதிப்பிடவே வேண்டியதில்லை.

பொருநைக்கரை:
ஆனி மாதத்தில் வெயிலை யார் நம்புவது? அன்று மேகம் மூடியிருந்தது, தேரின் நிழல் வேறு. வெளிச்சம் போதாமல் துளையை எஃப் 3.5-க்கு அகலத் திறந்தால், 2 மீட்டரில் நிற்பவருக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து அரை மீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும்.

சாரல்காலம்:
ஓஎம்-1-ஐ வடிவமைத்த யோஷிஹிசா மைதானியே 1979-இல் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ என்ற சிறு கேமராவையும் வடிவமைத்தார் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். கால் கிலோகூட இல்லை; மூடியைத் தள்ளினால் எடுக்கத் தயார்; தொலைவை மதிப்பிடாமல் பார்த்தே குவியம் வைக்க ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தொலைவுகாட்டியும் உண்டு.

மேலரதவீதி:
பேட்டரி தீர்ந்தால் எக்ஸ்ஏ-வின் ஷட்டர் இயங்காது. ரோலையில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி மட்டுமே செயலிழக்கும்; ஷட்டர் இயங்கும். கூட்டத்தின் நடுவே அது பெரிய வேறுபாடு.

பொருநைக்கரை:
இரண்டு பொத்தான் பேட்டரிகளை மாற்றாக எடுத்துச் செல்வது பாரமில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றுக்காகவே இந்த ஆனியில் எக்ஸ்ஏ-வை எடுத்துப் பார்க்கிறேன். அதே முக்கில்தான் நிற்பேன்.