ஹாட் ராட் படங்களுக்கு என்ன குறிப்பு எழுதுவது?

கேள்வி: கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் இரண்டு நாள் அலைந்து ஹாட் ராட்களை (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்களை) நானூறு படம் எடுத்தேன். லென்ஸுக்குள் தூசி போனது தனிக்கதை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே ‘பழைய ஃபோர்டு’ என்றுதான் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன எழுதி வைப்பது?

பதில் 1: காரின் முகத்தை நம்பாதீர்கள். 1932 ஃபோர்டின் கிரில்லை (முன்பக்கக் கம்பித் தட்டியை) அதற்கு முந்தைய ஃபோர்டான மாடல் ஏ உடம்பில் மாட்டுவது ரொம்பச் சகஜம். பானெட் இல்லாத வண்டியா? ஃபோர்டின் பழைய பிளாட்ஹெட் வி8 எஞ்சினில் ஒரு பக்க ஹெட்டின் (மேல்மூடியின்) ஸ்டட்களை, அதாவது அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுத் தண்டுகளை, எண்ணுங்கள். 21 என்றால் ஆரம்பகாலத்தது. 24 என்றால் 1938 அல்லது அதற்குப் பிந்தையது.

பதில் 2: கூரையை வெட்டித் தாழ்த்துவது சாப். உடம்பையே சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் இறக்கி உட்காரவைப்பது சேனல். பலர் குழப்புகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். அப்புறம், ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக் தந்ததே 1939 மாடலில்தான். அதற்கு முந்தைய காரில் இருந்தால் பிறகு மாற்றியது என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, எண்ணிப் பார்த்தேன். எஞ்சின் தெளிவாகத் தெரிவது பதினோரு படத்தில்தான்! மீதியெல்லாம் பளபள பெயின்ட்.

பதில் 1: அடுத்த முறை உரிமையாளரின் குரலையும் பதிவு செய்யுங்கள். எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அவரே சொல்வார். நிறுத்துவதுதான் கஷ்டம்.