புதுப்பிப்பு: சோயா மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஏறிப்போன டி.எஸ்.எச்

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், தைராய்டுக்கு தைராக்சின் 75 மைக்ரோகிராமும் எடுக்கும் அத்தைக்கு (மாதவிலக்கு நின்றவர்) சோயா ஐசோஃப்ளேவோன் (சோயாவில் உள்ள, ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்) மாத்திரை தொடங்கியபின் டி.எஸ்.எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த அளவு) 8.6-க்கு ஏறியது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்க" என்று இங்கே ஒரு அண்ணன் சொன்ன யோசனை. சோயா குடலில் தைராக்சினை முழுசாக உறிஞ்ச விடாது. இப்போது விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். ஐசோஃப்ளேவோன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். தைராக்சின் அளவை டாக்டர் மாற்றவில்லை. எட்டு வாரம் கழித்து அண்ணா நகர் லேபில் டி.எஸ்.எச் 3.1. ஆறு வாரத்துக்கு முன் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது.

எதிர்பாராதது: மாத்திரை மட்டும் காரணமில்லை. மில்லில் அரைத்த சத்துமாவிலும் கேழ்வரகு, கம்போடு கால் கிலோ சோயா இருந்தது! அந்தக் கஞ்சியைத்தான் தைராக்சின் போட்ட அரை மணியில் குடித்திருக்கிறார். கஞ்சி இப்போது பதினோரு மணிக்கு. கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும்.

லேபிளையும் பாருங்கள்: "சோயா சாறு 100 மி.கி., 40%" என்றால் ஐசோஃப்ளேவோன் 40 மி.கி.தான்.

சர்க்கரை? எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 7.6 இருந்தது, இப்போது 7.5, அதைக் குறைந்ததாக நான் கணக்கில் எடுக்கமாட்டேன். 2002-இல் இங்கிலாந்தில், மாதவிலக்கு நின்ற, டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்குச் சோயா புரதம் 30 கிராமோடு ஐசோஃப்ளேவோன் 132 மி.கி. கொடுத்தபோது பலன் தெரிந்தது; 2007-இல் ஐசோஃப்ளேவோன் மட்டும் கொடுத்தபோது தெரியவில்லை. மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள்.