குளிர்காலத் தேனிலவுக்கு ஜெய்ப்பூர், உதய்ப்பூர்: சொகுசு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தவர்களின் அனுபவங்கள்

கேள்வி: சேலம் உறுப்பினர்

எங்கள் திருமணம் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயமாகியிருக்கிறது. மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு, மார்கழி முதல் வாரத்தில் ராஜஸ்தானுக்குத் தேனிலவு செல்லலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட் வேண்டாம், நகரத்துக்குள்ளேயே ஒரு நல்ல ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கி, கோட்டைகளையும் கடைவீதிகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. படங்களில் எல்லா ஹோட்டல்களும் ஒன்றுபோலவே அழகாக இருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே தங்கியவர்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: மதுரை உறுப்பினர்

இருவருக்கும் என் வாழ்த்துகள். நாங்கள் ஜெய்ப்பூரில் தங்கியது, பழைய அரண்மனை ஒன்றை மாற்றியமைத்த ஹோட்டலில். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஊழியர்களின் கனிவிலும் சாப்பாட்டிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அறைக்குள் இருந்த குளிரை எங்களால் தாங்க முடியவில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஜெய்ப்பூரின் பகல் 22, 23 டிகிரி அளவில் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வெப்பநிலை மளமளவென்று இறங்கி, விடியற்காலையில் 8 டிகிரிக்கும், சில நாட்களில் அதற்குக் கீழேயும் போய்விடும். மதுரையின் மார்கழிப் பனியையே பெரிய குளிராக நினைத்து வளர்ந்த எங்களுக்கு அது உடம்புக்குப் பழகாத குளிர்.

அந்த அறையின் தரை முழுவதும் வெள்ளைச் சலவைக்கல். கூரை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது. சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிமன், சன்னல்களில் கல்லிலேயே துளைதுளையாகச் செதுக்கிய, ஜாலி எனப்படும் வேலைப்பாடு. படத்தில் பார்த்தபோது கண்ணைப் பறித்த அத்தனை அழகும் ராஜஸ்தானத்து மே மாத வெயிலை வீட்டுக்குள் விடாமல் தடுப்பதற்காகவே உருவான கட்டடக்கலை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் கல், பகல் வெயிலில் சூடேறுவதற்குள் மறுபடியும் மாலை வந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு வெளியே முற்றத்தில் ஸ்வெட்டர் தேவைப்படாத வேளையில், அறைக்குள் கால் வைத்தால் பாதம் விறைத்தது.

முதல் இரவு, சுவரில் இருந்த ஏசி கட்டுப்பாட்டை என் கணவர் 24, 26, 28 என்று ஏற்றி 30 வரை கொண்டுபோனார். மேலிருந்து காற்று வந்ததே தவிர, அதில் சூடு இல்லை. வரவேற்புக்குத் தொலைபேசியில் சொன்னதும் பராமரிப்புப் பிரிவிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, ஏணி போட்டு ஏறி, தட்டியைக் கழற்றி, உள்ளே ஓடிய குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது சில்லென்று இருந்தது. பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் அறைகளுக்கு ஒரே ஒரு ஜோடிக் குழாய்தான் ஓடுகிறது என்றும், கோடையில் அதில் குளிர்ந்த நீரையும் குளிர்காலத்தில் பாய்லரிலிருந்து வரும் வெந்நீரையும் விடுவார்கள் என்றும், எந்த நாளில் மாற்றுவது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்யும் என்றும் அவர் விளக்கினார். கட்டடம் முழுவதுக்கும் வெந்நீர் திறந்துவிடப்படும் வரை, தனியொரு அறையில் நாம் எந்த எண்ணை வைத்தாலும் பயன் இல்லை. நான்கு குழாய் ஏற்பாடு உள்ள புதிய கட்டடங்களில் மட்டுமே ஒரு அறைக்குச் சூடும் பக்கத்து அறைக்குக் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியுமாம்.

அதன் பிறகு சக்கரம் வைத்த எண்ணெய் ஹீட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். அது கட்டிலைச் சுற்றி நாலடிக்குக் கதகதப்பு தந்தது. அவ்வளவு உயரமான அறைக்கு அது எம்மாத்திரம்? எங்களைக் காப்பாற்றியது ஜெய்ப்பூர் ரஜாய்தான். கையில் எடுத்தால் கனமே தெரியாத அந்தப் பஞ்சு மெத்தைப் போர்வைக்குள் புகுந்துகொண்டால் சிறிது நேரத்தில் உடம்பு சூடாகிவிடுகிறது. பாபு பஜாரில் அதே போல ஒன்றை நாங்கள் வாங்கியும் வந்தோம்.

அரண்மனை ஹோட்டலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெய்ப்பூரின் ராம்பாக், 1835-இல் தோட்ட மாளிகையாகத் தொடங்கி, 1925-இல் இரண்டாம் சவாய் மான்சிங் மன்னரின் இருப்பிடமாகி, 1957-இல் ஹோட்டலாக மாறியது. இப்படிப்பட்ட மாளிகைகள் பலவும் தலைமுறை தலைமுறையாக இடித்தும் சேர்த்தும் கட்டப்பட்டவை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் பழைய பகுதியும் புதிய பகுதியும் இருக்கும்; ஒவ்வொன்றிலும் வசதி ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே உங்கள் அறை எந்தப் பகுதியில் வருகிறது, அங்கே சூடேற்றும் வசதி அறைக்குள்ளேயே இயங்குகிறதா அல்லது கட்டடம் முழுவதுக்கும் பொதுவானதா, நீங்கள் போகும் தேதியில் அது ஓடிக்கொண்டிருக்குமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தின் படத்தைவிட அந்தப் பதில் உங்களுக்கு அதிகம் உதவும்.

பதில்: கோயம்புத்தூர் உறுப்பினர்

எங்கள் திருமணம் தை மாதத்தில் நடந்தது. அதன் பிறகு நாங்கள் உதய்ப்பூர் சென்றோம். ஏரியைப் பார்த்த அறை, மாடத்தில் உட்கார்ந்தால் எதிரே சிட்டி பேலஸின் விளக்குகள் தண்ணீரில் நீளும். அந்தக் காட்சிக்காக இன்னொரு முறை போகவும் நான் தயார். ஆனால் அதே ஹோட்டலின் புல்வெளியில் அப்போது ஒரு வடநாட்டுத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. மெஹந்தி, சங்கீத், பராத் என்று நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. எங்கள் அறையின் சன்னல் கண்ணாடி அவர்களுடைய டோல் மேளத்துக்கு அதிர்ந்துகொண்டே இருந்தது. காலை உணவுக் கூடத்தில் பாதி இடம் மணமகன் வீட்டாருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாலையில் நீச்சல் குளத்தின் பக்கம் போகவே முடியவில்லை. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை, அது அவர்களுடைய திருநாள். அறையை எங்களுக்கு விற்ற ஹோட்டல், அந்தத் தேதியில் திருமணம் இருப்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழா நாட்கள் சிலவற்றுக்கு நள்ளிரவு வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பத்து மணிக்குப் பிறகு ஒலி குறைந்தது உண்மைதான், ஆனால் தேனிலவுக்கு வந்தவர்களுக்கு மாலைப் பொழுதும் முக்கியம் அல்லவா?

சேலத்துச் சகோதரிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. நம் மார்கழி மாதத்தில் வட இந்தியாவிலும் கர்மாஸ் என்று சொல்லித் திருமணங்களைத் தவிர்க்கிறார்கள். சூரியன் தனுசு ராசியில் இருக்கும் அதே காலம்தான் அது. டிசம்பர் நடுவில் தொடங்கிச் சங்கராந்தியோடு முடியும். ஆகவே டிசம்பர் 16-க்குப் பிறகு ராஜஸ்தான் ஹோட்டல்களின் புல்வெளிகள் பெரும்பாலும் அமைதியாகிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் கூட்டமும் அதற்கான கட்டணமும் தொடங்குவது ஏறத்தாழ 22, 23-ஆம் தேதியிலிருந்துதான். இடையில் வரும் அந்த ஒரு வாரத்தை விட்டுவிடாதீர்கள். சங்கராந்தி அன்று ஜெய்ப்பூரின் வானம் முழுவதும் பட்டங்களால் நிறைந்திருக்கும் என்று பலரும் ஆசை காட்டுவார்கள். ஆனால் அது உங்களுக்குத் தலைப் பொங்கல், பிறந்த வீட்டில் இருந்தாக வேண்டிய நாள்.

பதில்: திருநெல்வேலி உறுப்பினர்

மூடுபனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெல்லியில் விமானம் மாறிப் போவதாக இருந்தால், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் அதிகாலை விமானங்களை நம்பவே கூடாது. பனி அடர்த்தியாக இருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏறிய பிறகு கலைந்துவிடும். எங்கள் விமானம் தாமதமாகி, டெல்லியிலேயே ஓர் இரவு தங்க வேண்டியதாயிற்று. முதல் நாள் வந்து சேராதவர்களின் மொத்த முன்பதிவையும் சில ஹோட்டல்கள் ரத்து செய்துவிடும் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால், விமான நிலையத்திலிருந்தே ஜெய்ப்பூர் ஹோட்டலை அழைத்து, அறையை வைத்திருக்கச் சொல்லி, அதை மின்னஞ்சலிலும் உறுதி செய்யச் சொன்னோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறை தயாராக இருந்தது. பணம் திரும்பாத சலுகைக் கட்டணத்தில் பதிவு செய்வதற்கு முன்பு இந்த விதியைப் படித்துவிடுங்கள்.

பதில்: ஜெய்ப்பூரில் ஹோட்டல் பணியில் இருக்கும் உறுப்பினர்

நான் தஞ்சாவூர்க்காரன், இங்கே ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். மேலே மூவரும் சொன்னது அத்தனையும் உண்மை. உள்ளே இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் கட்டணம். திரையில் தெரியும் தொகை முழுத் தொகை அல்ல. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 7,500 வரை என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875 ஆகும்போது, வெறும் நூறு ரூபாய் கூடுதலான 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடுகிறது. பெரிய அரண்மனை ஹோட்டல்களில் குளிர்காலக் கட்டணம் ஓர் இரவுக்கு அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால், அங்கே வரி மட்டுமே பல ஆயிரங்கள் வரும். இத்தகைய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்திலும் 18 சதவீதம்தான். வெளியே ஒரு நல்ல உணவகத்தில் 5 சதவீதம். அதனால் காலை உணவு மட்டும் சேர்ந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டு, மற்ற வேளைகளுக்கு வெளியே போய்ச் சாப்பிடுவது புதுமணத் தம்பதிக்குச் சிக்கனமும் ஆகும், ஊரைப் பார்த்ததும் ஆகும்.

டிசம்பர் 24, 31 ஆகிய இரவுகளில் பல ஹோட்டல்கள் காலா டின்னர் என்ற விருந்தைக் கட்டாயமாக்கி, தலைக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கின்றன. மது அருந்தாதவருக்கும் சைவம் சாப்பிடுபவருக்கும் அதே தொகைதான். பதிவு செய்யும்போது அது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்காவிட்டால், கிளம்பும் நாளில் பில் கையைக் கடிக்கும்.

ஹனிமூன் பேக்கேஜ் என்று நாங்கள் விற்பது பெரும்பாலும் கட்டிலில் ரோஜா இதழ்கள், ஒரு கேக், மெழுகுவர்த்தி ஒளியில் ஓர் இரவு உணவு, அவ்வளவுதான். சாதாரணக் கட்டணத்தில் பதிவு செய்துவிட்டு, இது எங்கள் தேனிலவு என்று ஒரு வரி எழுதினாலே இவற்றில் பாதியை நாங்கள் மனம் விரும்பி இலவசமாகச் செய்து தருவோம். பேக்கேஜுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஒரு படி மேலான அறைக்குக் கொடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அறையில் கவனிக்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு உள்ள அறைகள் பல ஹோட்டல்களிலும் உண்டு. அவை குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்காக வைத்தவை. கதவு பூட்டியிருந்தாலும் அடியில் உள்ள இடைவெளி வழியாக அடுத்த அறையின் தொலைக்காட்சிச் சத்தம் முதல் இருமல் வரை கேட்கும். நீங்கள் பேசுவதும் அங்கே கேட்கும். புதுமணத் தம்பதி அவசியம் தவிர்க்க வேண்டியது அந்த அறைதான். அடுத்தது கட்டில். முன்பதிவில் இரட்டைப் படுக்கை என்று பொதுவாக இருந்தால், கூட்டமான நாட்களில் இரண்டு தனிக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரே பெரிய கட்டில் என்று உறுதி வாங்குங்கள். இருவருடைய அசல் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும். ஆதாரில் மணமகளின் பிறந்த வீட்டு முகவரி இருந்தாலும் ஒரு தொல்லையும் வராது.

உதய்ப்பூர் பற்றி ஒன்று. பிச்சோலா ஏரியின் நடுவில் 1746-இல் இரண்டாம் ஜகத்சிங் மகாராணா எழுப்பிய ஜக் நிவாஸ் மாளிகைதான் இன்றைய லேக் பேலஸ். அங்கே தங்கினால் ஒவ்வொரு முறையும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். குளிர்கால இரவில் ஏரிக்காற்று முகத்தில் அறையும். உள்ளேயே இருந்து ஓய்வெடுப்பவர்களுக்கு அதற்கு இணையே இல்லை. கடைவீதியும் கோயிலும் சுற்ற விரும்புகிறவர்கள், கரையில் ஆம்ப்ராய் படித்துறைப் பக்கம் தங்கினால் நடந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம், அந்த வெள்ளை மாளிகையையும் காலையும் மாலையும் எதிரே பார்த்துக்கொண்டிருக்கலாம். சகோதரி கேட்டதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குக் கரைதான் பொருத்தம்.

கடைசியாக, சூடேற்றும் வசதி, இணைப்புக் கதவு இல்லாத அறை, ஒரே கட்டில் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். எந்த விருந்தினருக்கு எந்த அறை எண் என்பதைப் பெரும்பாலும் வருகைக்கு முந்தைய நாளில்தான் முடிவு செய்வோம். அன்று பிற்பகலில் ஹோட்டலை அழைத்து, முன்பதிவுப் பிரிவை அல்ல, அறை ஒதுக்கீட்டைப் பார்க்கும் வரவேற்புப் பிரிவின் பொறுப்பாளரோடு இணைக்கச் சொல்லி, அந்த மின்னஞ்சலை நினைவூட்டுங்கள்.