சின்ன லுத்தரன் சபையில் கிறிஸ்துவை அறிவது: வேத வாசிப்பு, ஆராதனை பற்றி அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற உபதேசியார், வள்ளியூர் பக்கம்:

சபைக்குப் புதிதாக வருகிறவர் கையில் முழு வேதாகமத்தைக் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே வாங்க என்று அனுப்பிவிடுகிறோம். ஆதியாகமம் ஓடிவிடும். யாத்திராகமம் 25-ம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரத்து முழக்கணக்கும் பலகையும் கொக்கியும் வரும்போது பலர் மூடிவைத்துவிடுவார்கள். யாரைப் பார்க்கத் தேடுகிறோம் என்று சொல்லாமல் அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கச் சொல்லுங்கள். 16 அதிகாரம், நாளைக்கு ஒன்று போதும். வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் தெரிந்த கதை என்று மனசு தாண்டிப் போய்விடும். 15-ம் அதிகாரம் வந்ததும் அங்கேயே நின்று, சங்கீதம் 22-ஐத் திறந்து இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சிலுவையில் இயேசு கூப்பிட்ட “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பது அந்தச் சங்கீதத்தின் முதல் வசனம். போர்ச்சேவகர் சீட்டுப்போட்டு வஸ்திரத்தைப் பங்கிட்டது அதே சங்கீதத்தின் 18-ம் வசனம். தலையைத் துலுக்கிப் பரியாசம்பண்ணினதும் அங்கேயே, 7-ம் வசனத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் யாரும் விளக்கவுரை சொல்லாதீர்கள். விரலை வைத்து வாசிக்கிறவரே கண்டுபிடிக்கட்டும். அதன்பிறகு ஏசாயா 53, பிறகு லூக்கா 24. பழைய ஏற்பாடு முழுவதும் யாரைப் பற்றியது என்று அப்போஸ்தலர் எப்படிக் கண்டுகொண்டார்களோ, அதே வழியில் நாமும் நடக்கிறோம்.

லுத்தரன் வாசிப்பில் எந்தப் பகுதியிலும் இரண்டைப் பிரித்துப் பார்ப்போம். இங்கே தேவன் என்னிடம் என்ன கேட்கிறார் என்பது நியாயப்பிரமாணம். எனக்கு என்ன கொடுக்கிறார் என்பது சுவிசேஷம். இரண்டையும் குழப்பினால், ஒன்று பயந்தே சாவோம், இல்லையென்றால் நம் நல்ல நடத்தையைக் காட்டி நிம்மதி தேடுவோம். பென்சிலால் ஓரத்தில் ‘நி’, ‘சு’ என்று குறித்துக்கொண்டே வாசித்தால் கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும்.

ஜெபிக்கத் தெரியவில்லை என்கிறவருக்கு, 1535-ல் மார்ட்டின் லுத்தர் தமக்கு முடிவெட்டும் பேதுரு என்பவருக்கு எழுதிக்கொடுத்த முறையைச் சொல்லுங்கள். ஒரு வசனத்தை எடுத்து நாலு தரம் திருப்ப வேண்டும். இதில் எனக்கு என்ன போதிக்கப்படுகிறது, எதற்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், எந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டும், என்ன கேட்க வேண்டும்? “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லுத்தர் எழுதின ஞானோபதேசத்தில் (கேள்வி-பதிலாக உள்ள போதனைப் புத்தகத்தில்) இந்த ஆகாரத்துக்குள் வீடு, நிலம், கால்நடை, நல்ல அரசாங்கம், நல்ல பருவநிலை, நல்ல அக்கம்பக்கத்தார் எல்லாம் அடக்கம். குளத்துத் தண்ணீரை நம்பி நெல் நடுகிற நாங்குநேரிக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மழைக்கு ஸ்தோத்திரம், வாய்க்கால் தகராறில் பேசின பேச்சுக்கு அறிக்கை, வரப்போகிற சாகுபடிக்கு விண்ணப்பம் என்று ஜெபம் தானாக வரும்.

ஆலங்குளத்திலிருந்து ஒரு சகோதரி:

ஐயா சொன்னது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற பெரியம்மாமாரில் பலருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிடக் கூடாது. விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதால் வரும் என்று ரோமர் 10:17 சொல்லும்போது அவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை.

மடியில் சுளகு (முறம்) இருக்கும், கை இலையை மடித்துத் தூளை வைத்து நூலைச் சுற்றிக்கொண்டே இருக்கும், காதும் வாயும் சும்மா இருக்கும். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒரே வசனத்தை மெதுவாக மூன்று தரம் சொல்ல வேண்டும். நாலாவது தரம் பாதியில் நிறுத்த வேண்டும். மீதியைப் பெரியம்மா சொல்லி முடிப்பார்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வசனம். ஒரே நாளில் அதிகாரம் முழுவதையும் போனில் ஓடவிட்டால் ஒன்றும் நிற்காது, அது வீட்டில் ஓடுகிற இன்னொரு சத்தம் ஆகிவிடும். லுத்தரன் ஆராதனை வாராவாரம் பெரும்பாலும் ஒரே வார்த்தைகளில் நடப்பதும் இவர்களுக்குப் பெரிய உதவி. சில மாதங்களில் பாவ அறிக்கையும் விசுவாசப்பிரமாணமும் புத்தகம் இல்லாமலே வாயில் வரும்.

ஞாயிறுபள்ளி டீச்சர், பாளையங்கோட்டை:

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் குழப்பம் பத்துக் கட்டளையில்தான். திடப்படுத்தல் வகுப்பில் (நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பில்) “நாலாம் கட்டளை என்ன?” என்று கேட்டால் ஓய்வுநாள் என்பார்கள். நம் ஞானோபதேசத்தில் நாலாம் கட்டளை தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவது. விக்கிரகத்தைப் பற்றிய வார்த்தை முதல் கட்டளைக்குள் அடங்குவதால், அதற்குப் பின்னால் உள்ளவை ஒரு எண் முன்னால் வரும். கடைசியில் இச்சையைப் பற்றியது ஒன்பது, பத்து என இரண்டாகப் பிரியும். வேதாகமத்தில் வார்த்தை ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் வேறு. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், ‘இவர்கள் ஒரு கட்டளையை எடுத்துவிட்டார்கள்’ என்ற சந்தேகம் வராது. சொல்லாமல் விட்டால் அது வீடு வரைக்கும் போகும், பிறகு தாத்தாவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

1529-ல் லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியதே குடும்பத் தலைவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்காக. கட்டளைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்று ஆறு பகுதி. விளக்கத்தை ஒப்பிக்க வைப்பதற்கு முன்னால், “இது என்ன?” என்று பிள்ளையே கேட்கப் பழக்க வேண்டும். கேட்காத பிள்ளைக்கு ஒப்பித்தல் பாரம்தான்.

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர்:

லுத்தரன் வழி நம் திருநெல்வேலிச் சீமைக்கு எங்கிருந்தோ இப்போது வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனரி தரங்கம்பாடியில் இறங்கி, 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். அந்த மிஷன் வழியில் வந்த சுவார்ட்ஸ் ஐயர்தான் (போதகரை ஐயர் என்போம்) 1778-ல் கிளாரிந்தா என்ற விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785-ல் அந்த அம்மா கட்டின கோயில் இன்றைக்கும் நிற்கிறது. பிறகு இந்தச் சபைகள் ஆங்கிலிக்கன் பக்கம் போய் இன்று சிஎஸ்ஐ ஆகிவிட்டன. ஆகவே டிஇஎல்சி (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை), ஐஇஎல்சி (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைகள் இங்கே சின்னதாக இருப்பதைப் பார்த்து யாரும் அந்நியமாக நினைக்க வேண்டாம்.

ஆராதனை ஒழுங்கைக் கவனிக்கும் மூப்பர், பணகுடி பக்கம்:

வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது முதல் பத்து நிமிஷத்தை. இரண்டாம் மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால், பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் முடிந்து “கர்த்தாவே இரங்கும்” பாடும்போதுதான் உள்ளே வருவோம். பிரசங்கத்துக்கு முன்னால் வந்தால் போதும் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. ஆனால் யோவான் 20:23-ன்படி ஐயர் நம்மைப் பார்த்து பாவமன்னிப்பைச் சொல்லும் இடம் அதுதான். வாரம் முழுவதும் மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்தவருக்கு, கிறிஸ்துவே தம்மிடம் பேசுகிறார் என்பது காதில் விழ வேண்டிய நேரம் அது. முதல் மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.

அன்றைக்கு வாசிக்கப்போகிற நிருபமும் (அப்போஸ்தலரின் கடிதப் பகுதியும்) சுவிசேஷமும் எவை என்று சனிக்கிழமையே உபதேசியாரிடம் கேட்டு வீட்டில் ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள். பிரசங்கம் பாதி புரிந்ததுபோல் இருக்கும். சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நிற்பது வெறும் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், வாசிக்கப்படுகிறவரே முன்னால் நிற்கிறார் என்ற மரியாதை அது. கடைசியில் எண்ணாகமம் 6:24-26-ன் ஆசீர்வாதம். அதற்கு முன்னால் செருப்பைத் தேடி எழுந்துபோகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது, தேவன் தம் நாமத்தை நம்மேல் வைக்கிற இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்களே.

இன்னொன்று. பெரிய மைக்செட்டும் கைத்தட்டலும் உள்ள கூட்டங்களிலிருந்து வருகிறவர்கள், “ஒன்றும் உணரவில்லையே, ஆவியானவர் இங்கே இல்லையோ” என்று கேட்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். “இன்றைக்குப் பாவமன்னிப்பு உங்களுக்குச் சொல்லப்பட்டதா, இல்லையா?” என்று மட்டும் கேளுங்கள். சொல்லப்பட்டது என்றால் அது உண்மை, நெஞ்சு சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும். உணர்ச்சி வரும், போகும். வந்தால் ஸ்தோத்திரம். அதைப் பிடித்து அளந்துகொண்டே இருப்பவருக்கு ஓய்வே கிடைக்காது.

நற்கருணை ஆயத்தம் செய்கிற ஒருவர்:

மூப்பர் அண்ணாச்சி விட்ட இடத்திலிருந்து. திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) வருகிறவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் பெயர் கொடுக்கும் பழக்கத்தைச் சின்னச் சபைகள் விட்டுவிடக் கூடாது. தண்டனைக்காக ஏற்பட்ட வழக்கம் இல்லை அது. ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவருக்கு அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு. முந்தின நாள் 1 கொரிந்தியர் 11-ம் அதிகாரத்தில் 23 முதல் 29 வரை வாசியுங்கள். பந்தியில் கவனிக்க வேண்டியது “உங்களுக்காக” என்ற ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை நம்புகிறவர் தகுதியாய் ஆயத்தப்பட்டவர் என்று ஞானோபதேசம் சொல்கிறது. தகுதி இல்லை என்று பயந்து வருஷக்கணக்கில் ஒதுங்கி நிற்கிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வேறு திருச்சபையைச் சேர்ந்தவர் பந்தியில் சேரலாமா என்பது சபைக்குச் சபை வித்தியாசப்படும். அதனால் அன்று காலையில் அவசரமாகக் கேட்காமல் முன்னாலேயே கேட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

வேலைப் பக்கம் பார்த்தால், கடற்கரை ஊர்களில் ஈரக்காற்று பட்டு அப்பம் நமத்துப்போய்விடும், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வருகிறவர்களின் பெயர்க்கணக்கு இருந்தால் அதற்கு ஏற்றபடி மட்டும் எடுத்துவைக்கலாம், மீதியும் குறைவாக இருக்கும். மீந்ததைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, அங்கேயே உட்கொண்டு முடிப்பதே மரியாதை. பாத்திரத்தைக் கழுவின தண்ணீரைச் செடியடியில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

ஞாயிறுபள்ளி டீச்சர், பாளையங்கோட்டை:

லெந்து (தவக்கால) நாட்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதனால் கணக்கில் சேராது. பிள்ளைகளுக்குப் பாடுகளின் வரலாற்றை நாலு சுவிசேஷத்திலிருந்தும் கலந்து சொல்வதைவிட, ஒரு வருஷத்துக்கு ஒரு சுவிசேஷம் என்று வைத்துக்கொண்டால் நன்றாக மனசில் நிற்கும். குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்தை முந்தின நாள் சாயங்காலம் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையிலேயே வெட்டி வெயிலில் போட்டுவிட்டால் சிலுவை மடிக்கும்போது நரம்போடு கிழிந்துவிடும். அந்த ஓலைச் சிலுவையை வீட்டில் வேதாகமத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள், மாற்கு 11-ம் அதிகாரப் பக்கத்தில்.

ஓய்வுபெற்ற உபதேசியார், வள்ளியூர் பக்கம்:

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்கள்: ஐயர் எல்லா ஞாயிறும் வரமுடியாத சபையில் என்ன செய்வது? ஐயர் எழுதிக்கொடுத்த பிரசங்கத்தை உபதேசியாரோ மூப்பரோ வாசிக்கலாம். தன் சொந்தக் கருத்தைச் சேர்க்க வேண்டாம், வேகமாகவும் ஓட்ட வேண்டாம். பாவ அறிக்கை எல்லாரும் சேர்ந்து சொல்லி, மன்னிப்பின் வாக்குத்தத்தமாக 1 யோவான் 1:8-9 வாசித்தால் போதும். நற்கருணை ஐயர் வரும் ஞாயிறு வரை காத்திருக்கட்டும்.

வாசிப்பில் எழும் கேள்விகளை நோட்டில் எழுதிவையுங்கள். ஞாயிறு வாசலில் கைகொடுக்கும்போது கேட்டால் ஐயருக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது, அடுத்த ஊர் ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். வாரநாளில் ஒரு சாயங்காலம் நோட்டோடு வீட்டுக்குப் போங்கள்.