உதவி: ஃபேட் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது

இரவுக்காகம்:
அவசரம், நாளைக் காலை காலேஜில் டெமோ. என் கேமில் புது லெவல் தொடங்கும்போது கறுப்புத் திரை மெதுவாக விலக வேண்டும் (ஃபேட்). என் லேப்டாப்பில் ஒன்றே முக்கால் வினாடி, சரியாக இருக்கிறது. ரூம்மேட்டின் கேமிங் மானிட்டரில் பட்டென்று முடிந்துவிடுகிறது. போனில் மூன்று வினாடிக்கு மேல் இழுக்கிறது. என்ன செய்வது?

கரிசல்:
எந்த எஞ்சின்? கோட் எங்கே?

மெழுகுவத்தி:
வி-சிங்க் ஆன் செய்யுங்கள், ஃபிரேம்கள் மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போகும். எனக்கு அதில்தான் சரியானது.

கரிசல்:
வி-சிங்க் போட்டாலும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வினாடிக்கு 144 ஃபிரேம்தானே ஓடும்? அது தீர்வாகாது.

நுங்கு:
யூனிட்டி என்றால் ஃபிக்ஸ்டு அப்டேட்டுக்கு மாற்றிவிடுங்கள், அது ஃபிரேமைப் பார்க்காமல் எல்லா மெஷினிலும் வினாடிக்கு 50 தடவை ஓடும்.

பழையபுலி:
இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. ஃபிரேமை எண்ணிக் கழித்திருப்பீர்கள், வேறென்ன? டெல்டாடைம், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த வினாடி, என்றால் என்ன என்று மேனுவலில் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

இரவுக்காகம்:
மன்னிக்கவும், எஞ்சின் யூனிட்டி. ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும் அப்டேட்டில், ஒவ்வொரு தடவையும் ஆல்ஃபாவில் (கறுப்புத் திரையின் அடர்த்தி, 1 முழுக் கறுப்பு, 0 முழுத் தெளிவு) 0.01 கழிக்கிறேன். 0 ஆனதும் பிளேயரை நகர விடுகிறேன். பழையபுலி அண்ணா சொன்னதை வைத்து 0.01-ஐ டெல்டாடைமால் பெருக்கினேன். இப்போது திரை கறுப்பாகவே நிற்கிறது!

கரிசல்:
நிற்கவில்லை, நகர்கிறது. 100 வினாடி காத்திருந்தால் விலகும். இதுவரை 0.01 என்பது ஒரு ஃபிரேமுக்கான அளவு. முடிய 100 ஃபிரேம் வேண்டும்: வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 1.67 வினாடி, 144-ல் 0.69, போனில் 30 என்றால் 3.33. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. டெல்டாடைமால் பெருக்கியதும் அதே 0.01 ஒரு வினாடிக்கான அளவாகிவிட்டது. 0.6 போட்டால் பழைய வேகம் வரும்.

அதைவிட, கடந்த நேரத்தை ஒரு வேரியபிளில் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஆல்ஃபா = 1 - கடந்த நேரம் / 1.5. ஆல்ஃபா 0-க்குக் கீழே போகாதபடி கிளாம்ப் செய்ய மறக்காதீர்கள். எத்தனை வினாடி என்பது கோடிலேயே கண்ணுக்குத் தெரியும்.

மெழுகுவத்தி:
இவ்வளவு எதற்கு? லெர்ப் போடுங்கள், இலக்கை நோக்கி மிச்ச தூரத்தில் ஒரு பங்கு நகர்த்தும். ஆல்ஃபாவிலிருந்து 0-க்கு, பங்கு 5 பெருக்கல் டெல்டாடைம். ஒரே வரி, முடிவும் மென்மையாக இருக்கும்.

பழையபுலி:
தவறு. அதுவும் ஃபிரேம் ரேட்டைச் சார்ந்ததுதான்.

மெழுகுவத்தி:
டெல்டாடைம்தான் இருக்கிறதே?

பழையபுலி:
இருந்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடி கழித்து மிச்சம் 30-ல் 0.0042, 144-ல் 0.0062. ஒன்றாக வர வேண்டுமென்றால் அந்தப் பங்கை 1 - எக்ஸ்ப்(-5 × டெல்டாடைம்) என்று எழுத வேண்டும்.

மெழுகுவத்தி:
அந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்குத் தெரியப் போகிறது? எத்தனையோ கேம்களில் கேமரா இப்படித்தான் பின்தொடர்கிறது.

கரிசல்:
கேமராவுக்கு லெர்ப் நல்லதுதான், இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபேடுக்கு முடிவு வேண்டும். மிச்சத்தில் ஒரு பங்கைத்தான் ஒவ்வொரு தடவையும் கழிக்கிறோம், 0 வந்து சேரவே நேரம் பிடிக்கும். இவரோ 0 ஆனால்தான் பிளேயரை விடுகிறார். திரை தெளிந்த பிறகும் பிளேயர் நகராமல் நிற்பான்.

நுங்கு:
பாஸ் மெனுவில் கேமை நிறுத்த டைம்ஸ்கேல் (கேம் நேரத்தின் வேகம்) 0 ஆக்குகிறீர்களா? அப்போது டெல்டாடைமும் 0, ஃபேட் பாதியில் நின்றுவிடும். நான் சொன்ன ஃபிக்ஸ்டு அப்டேட்டும் ஓடாது, அதை விட்டுவிடுங்கள்.

இரவுக்காகம்:
கரிசல் சொன்ன முறை ஓடுகிறது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், மூன்று மெஷினிலும் ஒன்றரை வினாடி. பாஸ் சிக்கலும் இருந்தது, டைம்ஸ்கேலைப் பொருட்படுத்தாத அன்ஸ்கேல்டு டெல்டாடைமுக்கு மாற்றிவிட்டேன். பில்டு எடுக்கப் போகிறேன், எல்லாருக்கும் நன்றி.

கரிசல்:
ஒரு நிமிடம். சாதாரண டெல்டாடைமுக்கு யூனிட்டி 0.333 வினாடி என்ற உச்சவரம்பை இயல்பாகவே வைத்திருக்கிறது. அன்ஸ்கேல்டுக்கு அது கிடையாது. லெவல் லோடாக 2 வினாடி எடுத்தால், அது முழுக்க ஒரே ஃபிரேமில் கூடி, ஃபேட் தெரியாமலே முடிந்துவிடும். ஒரு ஃபிரேமில் 0.05-க்கு மேல் கூட்டாதபடி, இரண்டில் சிறியதை எடுக்கும் மின் (Min) ஃபங்ஷனைப் போடுங்கள். பெரிய லெவலைப் போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு பில்டு எடுங்கள்.

கரிசல்:
பார்த்தீர்களா?