மாடல் ரயில் சத்தம் கீழ்வீடு வரை போகிறது, எப்படிக் குறைப்பது?

புலியூர்க்காரன்:
கடலூர் திருப்பாதிரிப்புலியூர், மாடிப் போர்ஷன். எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் எச்ஓ (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) அளவு மாடல் ரயில் லேஅவுட். 2010-இல் அகலப்பாதை வந்த பிறகு நான் பார்த்த துறைமுகச் சந்திப்புதான் மாதிரி. மூன்று ஆல்கோ ரக டீசல் இன்ஜின், மூன்றிலும் சவுண்ட் டிகோடர் (இன்ஜின் சத்தம் எழுப்பும் சிப்). பலகைக்கு அடியில் காக்கைச் சத்தம், பிளாட்பார மணி எல்லாம் போட ஒரு ஸ்பீக்கர்.

ஒரு வண்டி ஓடினால் சுகம். மூன்றும் ஓடினால் மாவு மில். "மேலே என்னப்பா, கிரைண்டரா?" என்று கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை ஏறி வந்துவிட்டார். வால்யூமைக் குறைத்தால் ஆல்கோவின் குரலே அமுங்கிப்போகிறது. என்னதான் செய்வது?

முத்தியால்பேட்டை:
சார், குறைத்தால் எதில் அமுங்குகிறது? அதை முதலில் பாருங்கள். மூன்றையும் மியூட் பண்ணி ஓடவிட்டு, கீழே போய்க் கேளுங்கள். என் டிகோடரில் மியூட்டுக்கு கன்ட்ரோலரின் எஃப்8 பட்டன்.

புலியூர்க்காரன்:
அசந்துவிட்டேன். மியூட்டில் ஓடினாலும் கீழே அதே கிரைண்டர்!

முத்தியால்பேட்டை:
நினைத்தேன். சக்கர உறுமலைப் பலகை வீணைக் குடம் மாதிரி பெருக்குகிறது. அதை மீறிக் கேட்கத்தான் நீங்கள் வால்யூமை ஏற்றியிருக்கிறீர்கள். தண்டவாளத்துக்கு அடியில் கார்க் உண்டா? ஜல்லியை எதில் ஒட்டினீர்கள்?

புலியூர்க்காரன்:
கார்க் 5 மி.மீ. உண்டு. ஜல்லிக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. தண்டவாளத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை:
அப்போ கார்க் இருந்தும் பயனில்லை. வெள்ளைப் பசை காய்ந்தால் கல். அதிர்வு ஜல்லி வழியாகவும் ஸ்க்ரூ வழியாகவும் நேரே மரத்துக்கு இறங்குகிறது. ஜல்லியே தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம். பிறகு வெந்நீர் விட்டு ஊறவைத்து, பலகையைத் தொடும் ஓர ஜல்லியை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி ஒட்டும்போது காய்ந்தாலும் ரப்பராக இருக்கும் லேடெக்ஸ் பசை. மேசைக் கால்களுக்கு ஊன்றுகோல் ரப்பர் மாட்டுங்கள், தரைக்கு இறங்குவது குறையும். அடி ஸ்பீக்கரைப் பலகையில் முடுக்காமல் ஸ்பாஞ்சில் வையுங்கள்.

தவளக்குப்பம்:
வால்யூம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அளவில் கத்தும் இரண்டு இன்ஜினில் ஒன்றை நிறுத்தினால் 3 டெசிபல்தான் குறையும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே இறக்குங்கள். டிகோடர் லோக்சவுண்ட் பிராண்ட் என்றால் மொத்த வால்யூமுக்கான சி.வி. (டிகோடரில் மாற்றக்கூடிய அமைப்பு எண்) 63, உச்சம் 192. சுனாமி பிராண்ட் என்றால் சி.வி. 128, உச்சம் 255. யார்டில் நிற்பவற்றை மியூட்டில் போடுங்கள். அப்புறம், இன்ஜினுக்குள் ஸ்பீக்கர் சுற்றிலும் அடைத்த பெட்டியில்தானே இருக்கிறது? பெட்டி இல்லாவிட்டால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். நானும் ஒரு வருஷம் அப்படி வால்யூமை ஏற்றி ஏற்றி ஒரு ஸ்பீக்கரைக் கிழித்தவன்.

புலியூர்க்காரன்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு இன்ஜினில் ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஸ்க்ரூ கழற்றியதிலேயே பாதி உறுமல் போனது, ரப்பரில் மீதியில் பாதி. சி.வி. 63 இப்போது 60. ஆல்கோவின் தடதடப்பு தனியாகக் கேட்கிறது. ஜல்லி வேலை வெளி வளையத்தில் மட்டும் முடிந்தது. முதுகு வலி, மீதி பொங்கலுக்கு அப்புறம்.

லேஅவுட்டில் உள்ள கெடிலம் ஆற்றுப் பாலத்தில் மட்டும் இன்னும் தகரச் சத்தம். அதை அப்படியே விட்டுவிட்டேன், பாலம் என்றால் சத்தம் வரத்தானே வேண்டும்.