ஆர்டிஎக்ஸ் 3060-இல் கேம் ஆட எந்த லினக்ஸ்? பஸைட்டா, கேச்சியா, மிண்ட்டா?

வெட்டுக்கிளி:
விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் லினக்ஸுக்கு மாறப்போகிறேன். மெஷின்: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு பக்கத்தில் ஒரு 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். 1 டிபி எஸ்எஸ்டியில் 600 ஜிபி கேம்கள், எல்லாம் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை). ஆடுவது சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, எப்போதாவது வாலரண்ட். டெர்மினல் தெரியும். ஆனால் வாரக்கடைசியை அதற்கே தாரைவார்க்க முடியாது. எதைப் போடலாம்?

தூக்கணாங்குருவி:
பஸைட், அதாவது கேமுக்கென்றே பெடோரா லினக்ஸின் மேல் கட்டியது. டவுன்லோட் பக்கத்தில் உங்கள் கார்டு எந்தத் தலைமுறை என்று கேட்பார்கள். ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் வரிசை என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா டிரைவர், ஸ்டீம், லூட்ரிஸ் எல்லாம் உள்ளேயே வந்துவிடும். டெஸ்க்டாப் பதிப்பாகவே எடுங்கள், ஸ்டீம் டெக் மாதிரி நேராக கேமிங் மோடில் எழும் பதிப்பு என்விடியாவுக்கு இன்னும் சரிப்படாது. அப்டேட் எதையாவது உடைத்தால் பூட் மெனுவில் முந்தைய இமேஜைத் தேர்ந்தெடுங்கள், நேற்றைய சிஸ்டம் அப்படியே திரும்பி வரும்.

கல்வெட்டு:
டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) சண்டைக்கு முன் இரண்டு கெட்ட செய்தி.

ஒன்று, வாலரண்ட் எந்த லினக்ஸிலும் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பான வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் (சிஸ்டத்தின் மையக்கரு) உட்காரும் டிரைவர், அதை விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் புரோட்டானால் போலி செய்ய முடியாது. விர்ச்சுவல் மெஷினையும் அது விடாது. ஃபோர்ட்நைட்டும் அதே கதிதான், ஆனால் காரணம் வேறு. ஈஸி ஆன்ட்டி சீட் 2021-லிருந்தே புரோட்டானை ஆதரிக்கிறது, கேம் கம்பெனி தன் பக்கத்தில் அதை இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எல்டன் ரிங்கில் இயக்கியிருக்கிறார்கள், ஆன்லைனிலும் ஆடலாம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபரில் மூடிவிட்டார்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. ஆனால் ஃபேஸிட் என்ற போட்டித் தளத்தில் ஆடுபவர் என்றால் அதன் ஆன்ட்டி சீட் விண்டோஸில் மட்டும்தான்.

இரண்டு, அந்த 600 ஜிபியை இருக்கும் இடத்திலேயே வைத்து நம்பி ஆட முடியாது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டர் கட்டும், அதில் ‘சி’ எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) இருக்கும். அந்தப் புள்ளி விண்டோஸின் கோப்புப் பெயர் விதிக்கு ஆகாதது. ப்ளே அழுத்தினால் சில விநாடி ‘ரன்னிங்’ என்று காட்டிவிட்டு பட்டன் மறுபடி பச்சையாகிவிடும், எர்ரர் எதுவும் வராது. போதாக்குறைக்கு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் பார்ட்டிஷன் பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

என் ஓட்டு மிண்ட்டுக்கு. டிரைவர் மேனேஜரில் பரிந்துரைத்த என்விடியா டிரைவரைத் தேர்ந்து ரீபூட் செய்தால் வேலை முடிந்தது. ‘கேமிங் டிஸ்ட்ரோ’ என்பது பெரும்பாலும் வால்பேப்பர்.

ஊசிப்பட்டாசு:
வால்பேப்பரா? தல, அவருக்கு 144-ம் 60-ம் சேர்ந்த இரண்டு மானிட்டர். மிண்ட்டின் டெஸ்க்டாப்பான சின்னமன் இன்னும் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பை நம்பித்தான் நிற்கிறது, புதியதான வேலேண்ட் அதில் சோதனை நிலைதான். எக்ஸ்11-இல் என்விடியா ஜி-சிங்க் (மானிட்டர் வேகத்தை கேமோடு ஒத்திசைப்பது) வேண்டுமென்றால் இரண்டாவது மானிட்டரை அணைக்க வேண்டும். ஹெச்டிஆர் (அகன்ற ஒளி வரம்பு) பேச்சே கிடையாது. பஸைட்டிலும் கேச்சியிலும் கிடைக்கும் கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப்பில், வேலேண்டில் இரண்டுமே நடக்கும். 2024-இல் 555 டிரைவரோடு எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (டிரைவரும் திரையும் ஒத்திசையும் முறை) வந்த பிறகு என்விடியாவின் பழைய மினுமினுப்பும் அடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் கேச்சிஓஎஸ். ஆர்ச் லினக்ஸ் அடிப்படை, புது கெர்னல், பேக்கேஜ்கள் நவீன பிராசஸருக்கென்றே கம்பைல் செய்தவை, பிராசஸர் நேரத்தைப் பங்கிடும் போர் (BORE) ஷெட்யூலர். விண்டோஸ் பாணி ஒத்திசைவை வேகமாக்கும் என்டிசிங்க் கெர்னலில் 6.14-லேயே வந்தாச்சு.

கல்வெட்டு:
மானிட்டர் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மற்றது? சைபர்பங்க்கில் 3060-தான் முதலில் மூச்சு வாங்கும், 5600 அல்ல. ஷெட்யூலர் மாற்றி அங்கே எந்த ஃபிரேமைக் கூட்டுவீர்கள்? என்டிசிங்க் கெர்னலில் இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் புரோட்டானும் வேண்டும். அதன் முன்னோடியான எஃப்சிங்க் ஏற்கெனவே அந்த ஆதாயத்தில் பெரும்பங்கை எடுத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் விண்டோஸைவிடச் சற்று பின்தங்கும். சைபர்பங்க், எல்டன் ரிங் இரண்டும் 12-தான். குறை டிரைவருக்கும், டைரக்ட்எக்ஸ் 12-ஐ லினக்ஸுக்கு மொழிபெயர்க்கும் விகேடி3டி-க்கும் இடையில் இருக்கிறது. எந்த டிஸ்ட்ரோவாலும் அதை மறைக்க முடியாது.

ஊசிப்பட்டாசு:
சராசரி எஃப்பிஎஸ் கூடும் என்று நான் சொல்லவே இல்லையே. பின்னணியில் ஷேடர் (காட்சி வரையும் நிரல்) கம்பைல் ஓடும்போது ஆட்டம் திக்காமல் இருப்பதுதான் போரின் வேலை.

தூக்கணாங்குருவி:
அந்தத் திக்கலை ஸ்டீமே முன்கூட்டி ஷேடரை இறக்கிப் பெரும்பாலும் சமாளித்துவிடும். அதை ‘ஸ்கிப்’ செய்பவர்கள்தான் பிறகு லினக்ஸைத் திட்டுவது.

கேச்சியில் எனக்கு உறுத்துவது பூட் பார்ட்டிஷன். விண்டோஸ் போட்டுவைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பொதுவாக 100 எம்பி. பூட் லோடராக சிஸ்டம்டி-பூட் அல்லது லிமைன் தேர்ந்தால் கெர்னலும் அது எழத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ்-ஸும் அதற்குள்தான் போகும். என்விடியா மாட்யூல் சேர்ந்தால் இனிட்ராம்எஃப்எஸ் இன்னும் பருக்கும். ஏதோ ஒரு அப்டேட்டில் ‘இடமில்லை’ என்ற வரி ஆயிரம் வரிக்கு நடுவே ஓடிப்போகும், யார் கவனிக்கிறார்கள்? அடுத்த பூட்டில் கறுப்புத் திரை.

ஊசிப்பட்டாசு:
அதற்கு மருந்து எளிது. விண்டோஸின் இஎஃப்ஐ-யைத் தொடாமல் 2 ஜிபியில் தனியாக ஒன்று போடுங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கெர்னலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டும் உண்டு. ஆர்ச்சில் கைகால் உடைபவர்கள் பெரும்பாலும் அதன் நிறுவு கருவியான பேக்மேனில் எஸ்-ஒய் மட்டும் கொடுத்து ஒரே ஒரு பேக்கேஜ் நிறுவுபவர்கள். டேட்டாபேஸ் புதிது, லைப்ரரி பழையது, இரண்டும் ஒட்டாது. முழு அப்டேட், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

பஸைட்டில் ஒரு விபிஎன் கிளையண்ட் போட என்ன பாடு என்று நீங்களே சொல்லுங்களேன்.

தூக்கணாங்குருவி:
பாடுதான், மறுக்கவில்லை. ரூட் (சிஸ்டம் பகுதி) படிக்க மட்டும். பிளாட்பேக் ஆப் தொகுப்பில் கிடைக்காவிட்டால் இன்னொரு லினக்ஸைப் பெட்டிக்குள் ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸ், அதுவும் ஆகாவிட்டால் ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ கொண்டு மேலடுக்காகச் சேர்க்கலாம். ஒவ்வொரு அடுக்கும் அப்டேட்டை மெதுவாக்கும், ரீபூட் கேட்கும், சில சமயம் அடுத்த பெடோரா பதிப்புக்கு ஏறவிடாமல் மறிக்கும். நாலைந்துக்கு மேல் அடுக்கு தேவைப்படுகிறவருக்கு பஸைட் ஒத்துவராது. ஆனால் கேட்டவர் ஆடப்போவது நாலு கேம்.

ஊசிப்பட்டாசு:
பெடோராவை நம்பி எப்படி? 32-பிட் லைப்ரரிகளைத் தூக்கிவிடலாம் என்று 2025 ஜூனில் முன்மொழிந்தார்களே. நிறைவேறியிருந்தால் ஸ்டீமே எழாது.

தூக்கணாங்குருவி:
எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பேச்சு மறுபடி எழலாம்தான். எழுந்தாலும் அன்றைக்கே யாருடைய சிஸ்டமும் நிற்காது.

வெட்டுக்கிளி:
பஸைட் என்று முடிவு செய்துவிட்டேன், இரண்டாவது மானிட்டரை விட மனமில்லை. வாலரண்டுக்கு இன்னொரு 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11. 600 ஜிபியை மறுபடி இறக்காமல் எப்படி நகர்த்துவது? விண்டோஸ் 11-இல் வான்கார்ட் செக்யூர் பூட் (கையெழுத்திட்டதை மட்டும் எழவிடும் காப்பு) கேட்கிறது, பஸைட் அதோடு எழுமா?

கல்வெட்டு:
மிண்ட் தோற்றது. சரி, வேலையாவது உருப்படியாக நடக்கட்டும்.

1 டிபி என்பது கணக்கில் 931 ஜிபி. 600 போனால் மிச்சம் 330 சொச்சம், ஒரே தடவையில் நகராது. முதலில் விண்டோஸில் ஹைபர்னேஷனையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட்டு பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். காலியான இடத்தில் லினக்ஸை நிறுவுங்கள். சிஸ்டத்துக்கே ஒரு பங்கு போய்விடும், அதனால் முதல் சுற்றில் 200 ஜிபி அளவு கேம்களை மட்டும் ஸ்டீமின் ‘காமன்’ ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். ஃபோல்டர் பெயர் எழுத்து பிசகக் கூடாது. பிறகு ஸ்டீமில் அந்த கேமுக்கு இன்ஸ்டால் கொடுங்கள். இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கும். காப்பியானவற்றை என்டிஎஃப்எஸ்-இல் அழித்து, அதை இன்னும் சுருக்கி, அடுத்த சுற்று.

தூக்கணாங்குருவி:
செக்யூர் பூட்டோடு எழும். நிறுவிய பின் முதல் பூட்டில் ஒரு நீலத் திரை வரும், 10 விநாடிதான் நிற்கும். ஏதாவது ஒரு கீ அழுத்தி ‘என்ரோல் மோக்’ (சாவியைச் சேர்ப்பது) தேர்ந்து, பாஸ்வேர்டாக ‘யுனிவர்சல்ப்ளூ’ என்று ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள். தவறவிட்டால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு உள்ளே போய், பஸைட்டின் யூஜஸ்ட் கட்டளைகளில் சாவியைச் சேர்ப்பதற்கென்று உள்ளதை ஓட்டினால் அதே திரை மறுபடி வரும்.

ஊசிப்பட்டாசு:
கேச்சியில் இதை எஸ்பிசிடிஎல் கருவி வைத்து நாமே சாவி உருவாக்கிக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பஸைட் சுலபம், சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சிஸ்டமும் வந்ததும் விண்டோஸில் கடிகாரம் தப்பாகக் காட்டும், பயப்படாதீர்கள். மதர்போர்டு நேரத்தை லினக்ஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள். நேரம் பிசகிக் கிடந்தால் லாகின் சான்றிதழ் செல்லாது என்று வரும், நீங்கள் நெட்டைச் சந்தேகப்பட்டு ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.